சுவரில் யார் பெரியவர்

அன்று சுவரில் இருந்தவர்கள் இருவர்: மல்யுத்த வீரர் போஸ்டர், பாப் பாடகி போஸ்டர். கீழே ஓர் ஆடு.

"நான் வந்தால் ஊரே எழுந்து நிற்கும்," என்றார் வீரர்.

"நான் வந்தால் ஊரே கூடப் பாடும், அண்ணே," என்றாள் பாடகி.

யார் புகழ் பெரிது என்று ஆட்டிடம் கேட்டார்கள்.

"பெரிய ஆளுக்குத்தான் பசை அதிகம் தடவுவார்கள். யாருக்கு அதிகம்?"

"எனக்குத்தான்!" என்று இருவரும் கத்தினார்கள்.

ஆடு பாடகியைத் தின்றது. "பிரமாதம்!" என்று சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்த்தது.

வீரருக்குப் பொறுக்கவில்லை. "அதெப்படி? என்னையும் தின்று பார்த்துவிட்டுச் சொல்லுங்க!"

ஆடு அவரையும் தின்றது. பிறகு ஒன்றும் சொல்லாமல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

தீர்ப்பைக் கேட்கச் சுவரில் மிஞ்சியவை மூன்று காதுகள்.