அசையாமல் நின்றவன்

நமச்சிவாயம் வருஷத்தில் பத்து மாதம் ஜவுளிக்கடையில் புடவை விரித்துப் போடுகிறவன். மீதி இரண்டு மாதம் பிராந்திய ராணுவத்தில் சிப்பாய். முழுநேரப் பட்டாளத்து ஹவில்தார் இருதயராஜுக்கு இந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே ஆகாது. "வாடகைப் பட்டாளம் வந்தாச்சு. மடிப்புக் கலையாம நில்லுங்கப்பா" என்று அணிவகுப்பில் சீண்டுவார். அவருடைய ஆட்கள் சிரிப்பார்கள். நமச்சிவாயம் காது சிவக்க நிற்பான்.

அன்று கர்னல் பார்வையிட்டுக்கொண்டிருக்கும்போது, மைதானத்து அரசமரத்திலிருந்து மலைத்தேனீக்கள் மொத்தமாகக் கிளம்பின. முழுநேரப் பட்டாளம் ஒரே ஓட்டமாக ஓடியது. வாடகைப் பட்டாளமும் பின்னாலேயே ஓடியது. நமச்சிவாயம் மட்டும் துப்பாக்கியைத் தோளில் சாய்த்தபடி விறைப்பாக நின்றான். ஜீப்புக்குள் பதுங்கியிருந்த கர்னல் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "இவனல்லவா சிப்பாய்" என்றார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கண் எது, கன்னம் எது என்று தெரியாமல் வீங்கிக் கிடந்தவனின் பக்கத்தில் இருதயராஜ் வந்து உட்கார்ந்தார். 

"நெசத்தைச் சொல்லு. ஏன் ஓடலை?"

வீங்கிய உதட்டை வைத்துக்கொண்டு பொய் சொல்வது நமச்சிவாயத்துக்குப் பெரும்பாடாக இருந்தது.

"கால் வரலை சார். பயத்துல அப்படியே ஒட்டிக்கிச்சு."

இருதயராஜ் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"வெளியே சொல்லிடாதே. எல்லையில எனக்கு மெடல் குடுத்ததும் இதுக்குத்தான்."