இடது காதுப் பரீட்சை

புலம்பெயர்ந்து வந்த ஹென்டர்சன் நகரில் ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சற்குணத்துக்குப் பரீட்சை என்றாலே பயம். இன்று காதுப் பரீட்சை. தவறினால் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பெட்டி தூக்கப் போகவேண்டும். முதுகுக்குள் இருக்கும் இரும்புத் துண்டு அதற்குச் சம்மதிக்காது. மனைவி பிரசாந்தி பிள்ளையாருக்கு நேர்ந்து, இரண்டு காதிலும் நல்லெண்ணெய் விட்டு அனுப்பியிருந்தாள்.

"சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்கண்ணா. கேக்கலைன்னா சும்மா இருங்க," என்று ஹெட்போனை மாட்டினாள் பரிசோதிக்க வந்த லக்ஷ்மிப்ரியா. "முன்னாடி சத்தமான இடத்துல வேலை பாத்திருக்கீங்களா?"

"வயல் வேலைதான், தங்கச்சி. பதினேழு வயசில, வீட்டுக்கு ஒராள் எண்டு இயக்கம் சண்டைக்குப் பிடிச்சுக்கொண்டு போச்சு. ரெண்டு வருசம் பீரங்கிக்குப் பக்கத்தில நிண்டனான். அங்க ஆரும் காதுக்குப் பஞ்சு தரேல்லை."

அவள் சிரிக்கவில்லை.

வலது காதில் சத்தம் கொசுபோல வந்தது. எட்டுச் சத்தங்களில் ஏழு சத்தங்களைப் பிடித்துவிட்டார். அடுத்தது இடது காது என்று அவள் சொன்னதும் சற்குணத்துக்கு உற்சாகமே பிறந்துவிட்டது. ஒன்றையும் தவறவிடாமல் பத்துத் தடவை அமுக்கினார்.

"பாஸ்தானே?"

லக்ஷ்மிப்ரியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, இடது காதுக்கு நான் இன்னும் சத்தமே போடலை."

"பகிடி விடாதேங்கோ. ஒவ்வொண்டாக் கூவிக்கொண்டு வருதே!"

அவள் மெதுவாக ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். "இப்ப?"

கூவி வரும் பீரங்கிக் குண்டுக்குக் குனிவதுபோல சற்குணத்தின் தலை தானாகக் குனிந்தது. பெருவிரல் பட்டனை அமுக்கியது.