லைனிலேயே சிறந்த ஆள்

“இன்னா அண்ணாத்தே, ஆவடி புது யூனிட்டுக்கு லைன் லீடரா, இருக்கறதுலயே நல்ல ஆளை அனுப்பச் சொன்னா, நீங்க அருள் பேரைக் குடுத்துட்டீங்களாமே?” என்றார் ஃபயாஸ்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் இருவரும் சூப்பர்வைசர்கள்.

“பின்ன, சாமுண்டீஸ்வரியை அனுப்பிட்டு நான் இன்னா பண்றது? மூணு பேர் வேலையை அவ ஒருத்தியே பாக்குறா. அருளு டீ குடிக்கப் போனா ஷிப்ட் முடியறப்போதான் வர்றான்,” என்றார் தேவராஜ்.

“பாவம், அந்தப் பொண்ணு ரெண்டு வருஷமா இந்த போஸ்டுக்குக் காத்துகினு கீது.”

“இன்னும் கொஞ்ச நாள் காத்துகினு இருக்கட்டும்.”

“அருளைப் போய் எச்.ஆர். எப்படி நம்புனாங்க?”

“லெட்டர் அப்படி. ‘பிறவித் தலைவர். இவரை இழப்பது எங்களுக்குப் பேரிழப்பு. ஆனாலும் இவருடைய வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்க மனமில்லை.’”

“அடேங்கப்பா. நீங்களா எழுதுனீங்க?”

“நமக்கு ஏது பாய் அவ்ளோ தமிழு?”

தேவராஜ் பெருமையாகச் சுவரைக் காட்டினார். சந்தனப் பொட்டு வைத்த பிரேமுக்குள் ஒரு பழைய கடிதம் இருந்தது.

“சென்னீர்குப்பம் யூனிட்லேந்து என்னை இங்க அனுப்பும்போது எங்க சூப்பர்வைசர் எழுதிக் குடுத்தது. பேரை மட்டும் மாத்துனேன்.”

ஃபயாஸ் ஆறிப்போன டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

நீட்டிய விரலைத் தேவராஜ் மெல்ல மடக்கிக்கொண்டார்.

அப்போது அருள் கதவருகே வந்து நின்றான்.

“அண்ணாத்தே, நீங்க எனக்கு எழுதுன லெட்டரை பிரேம் போடணும். உங்களுது எந்தக் கடையில போட்டீங்க?”