ஃபேன் மட்டும் சுற்றியது

"லோ வோல்டேஜுங்க. தா.பழூர்ல சில நாளு பொழுது சாஞ்சா இப்படித்தான்" என்று அண்ணாதுரை, கூடத்தில் பழுத்த பப்பாளி நிறத்தில் எரிந்துகொண்டிருந்த குண்டு பல்பைக் காட்டிச் சிரித்தார்.

பெண் பார்க்க வந்தவர்கள் தலையாட்டினார்கள். தரகர் கொளஞ்சி எல்லாரையும் விட வேகமாகத் தலையாட்டினார். ஏழு மணிக்கு மேல்தான் நல்ல நேரம் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். காலையிலேயே ஒரு வயர்மேனைக் கூட்டிவந்து, "விசேஷ வூடு, லைனு சுத்தமா இருக்கணும்ங்க" என்று வீடு முழுக்கப் பார்க்க வைத்தவரும் அவரே. வயர்மேன் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

மாப்பிள்ளை பிரசாத்துக்கு ஜெயங்கொண்டத்தில் ஜவுளிக்கடை. போட்டோவில் பார்த்த அதே சுருட்டைக் கிராப்பு, அதே சிரிப்பு. உட்கார்ந்ததும் அண்ணாந்து பார்த்தார்.

"மாமா, ஃபேனைக் கொஞ்சம் குறைங்களேன். சளி புடிச்சிருக்கு."

"ரெகுலேட்டர் போயிடுச்சு தம்பி. போட்டா ஃபுல்லு, இல்லன்னா நிறுத்தணும். இந்தப் புழுக்கத்துல நிறுத்துனா அவ்வளவுதான்."

மாப்பிள்ளை நாற்காலியை மூலைக்கு நகர்த்திக்கொண்டார்.

சமையலறையிலும் அதே பப்பாளி வெளிச்சம்தான். மலர்கொடி காப்பித் தட்டைக் கையில் எடுத்தாள். அவள் கழுத்தில், காதுக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. ஐந்து வயதில் கொதிக்கிற கஞ்சி கொட்டியது. முன்பு வந்த இரண்டு இடமும் நிச்சயத்துக்குப் பிறகு அதைப் பார்த்துவிட்டு, மறைத்துவிட்டீர்கள் என்று விலகிக்கொண்டன.

"இனிமே மறைக்க மாட்டேன்மா. பாத்துட்டு சரின்னு சொல்றவன் சொல்லட்டும்" என்று அப்பா அவள் தலையில் கை வைத்துச் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

கிளம்புகிறபோது பழக்கத்தில் சமையலறை விளக்கை அணைத்தாள். கூடமும் சேர்ந்து இருண்டது.

"கரண்டு போயிடுச்சு!" என்றார் கொளஞ்சி.

போகவில்லை. ஃபேன் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது.

மலர்கொடி பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுப்பவள். சுவிட்சைத் திரும்பப் போட்டாள். இரண்டு பல்பும் ஒன்றாகவே பழுத்தன. ஒரு பல்பின் இழை வழியாகப் போகிற கரண்டுதான் அடுத்த பல்பின் இழைக்கும் போகிறது. ஆளுக்குப் பாதி வோல்டேஜ். இழை காய்ந்து வெளுக்க அது போதாது, சிவப்பதோடு சரி. நேற்று ராத்திரி வரை தனித்தனியாகப் பளிச்சென்று எரிந்த பல்புகள் இவை.

தழும்பு தெரியாமல் அவளை இருட்டில் தள்ளிவிட ஊரில் யார் வேண்டுமானாலும் நினைக்கலாம். அப்பாவுமா?

காப்பித் தட்டை அப்படியே வைத்தாள். தன் மேஜை விளக்கை எடுத்துவந்து கூடத்துப் பிளக்கில் செருகினாள். கூடம் பகலானது.

"லோ வோல்டேஜ்னா இது எப்படிப்பா எரியுது?"

அண்ணாதுரை விளக்கையும் குண்டு பல்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என் தலையில கை வச்சுச் சொன்னீங்களேப்பா! இந்தத் தழும்ப மறைக்க வயரையே மாத்திக் கட்டிட்டீங்களா?" பின்னலை ஒதுக்கி, விளக்கைக் கழுத்தோரம் உயர்த்தினாள். "நல்லாப் பாத்துக்குங்க அத்தை. பொறவு ஏமாந்துட்டோம்னு சொல்லக் கூடாது."

மாப்பிள்ளையின் அம்மா ஜெகதாம்பாள் தழும்பைப் பார்க்கவில்லை. பதறிப்போய் மகனைத்தான் பார்த்தாள்.

"தழும்புக் கதையெல்லாம் உங்கப்பா மொத நாளே சொல்லி அனுப்பிட்டாரும்மா. எங்களுக்கு அது ஒண்ணும் இல்ல. நீ மொதல்ல அந்த வெளக்க அணைச்சிடு சாமி."

மலர்கொடி அப்பாவைப் பார்த்தாள். அப்பா கொளஞ்சியைப் பார்த்தார்.

"யோவ், இருவது வருசப் பழக்கம்யா நமக்குள்ள. காலையில கூட்டியாந்தியே, அந்த வயர்மேன் யாரு?"

கொளஞ்சி வாசலில் காலால் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"மாப்பிள்ளையோட சித்தப்பா மவனுங்க."

மாப்பிள்ளை சட்டென்று எழுந்து வாசலை நோக்கி நாலு எட்டு வைத்தார். நாலாவது எட்டு ஃபேனுக்கு நேர் கீழே விழுந்தது. முன்நெற்றியில் சுருட்டைக் கிராப்பின் ஓரம் பிரிந்து படபடக்க, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார்.

"மாமா, ஃபேனை நிறுத்துங்க!"