எழுபதில் ஒருத்தி

"யாருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்க," என்றார் கணக்கு சார், கரும்பலகையைப் பார்த்து நின்றபடியே.

வகுப்புத் தலைவி கையைத் தூக்கினாள். வழக்கம்போல வேறு கை எழவில்லை. விடையைச் சொன்னாள், சரியாக இருந்தது. பிறகு அவளே போய் மணியை அடித்துவிட்டு வந்து பலகையை அழித்தாள்.

சார் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். வெளியே மைதானச் சுவரில், பந்து பட்டுப் பட்டுத் திரும்பிய இடத்தில் வட்ட வட்டமாகக் கறை படிந்திருந்தது.

"எந்தப் பல்கலைக்கழகம்னு முடிவு பண்ணிட்டியாம்மா? இன்னைக்குச் சாயங்காலம்தான் கடைசி."

"பெருசுதான் சார்."

அவர் முகம் சுருங்கியது. "அங்க ஒரு ஆசிரியருக்கு எழுபது பேரு. நான் சொன்ன சின்னதுல எட்டே பேரு. முதல்ல அதைத்தான் பாக்கணும்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே."

"அடிச்சுக்கிட்டீங்க சார்."

"சிரிக்காதே. எட்டுப் பேர்னா சந்தேகம் கேட்டா பக்கத்துல உக்காந்து சொல்லித் தருவாங்க. எழுபதுன்னா கும்பல்ல கோவிந்தாதான்."

"அந்தக் கும்பலைத்தான் சார் பாக்கணும்."

"நானும் அப்படி ஒரு இடத்துலதான் படிச்சேன். மூணு வருஷத்துல ஒருத்தர்கூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. சந்தையில தொலைஞ்ச பிள்ளை மாதிரி இருந்தேன்."

அவள் உள்ளங்கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளை ஊதினாள். அது வெயிலில் மெல்ல இறங்கிப் பெஞ்சுகளின் மேல் படிந்தது.

"எனக்கும் ஒரு நாளாவது தொலையணும் சார். காய்ச்சல்னாக்கூட நான் லீவு போட்டதில்ல. நான் வரலைன்னா நீங்க பாடமே நடத்த மாட்டீங்க."

"நீ இல்லாம எப்படிம்மா நடத்துறது?"

"அதுதான் சார். வகுப்புல பேசினதுக்கு ஒரு தடவையாவது நான் திட்டு வாங்கணும்."

சார் திரும்பி அந்தச் சுவரைப் பார்த்தார். தோற்கப்போவது தெரிந்தவரைப் போல, தணிந்த குரலில் கேட்டார்.

"இங்க நீதான் முதல் ராங்க். அங்க போனா எழுபதுல ஒருத்தி. பரவாயில்லையா?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இங்க கடைசி ராங்கும் நான்தானே சார்."