முப்பதுக்கு முழு மதிப்பெண்

சிவமலை மறுபடியும் தப்பு செய்துவிட்டான்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கோகிலவாணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

விடைத்தாள் திருத்தும் முகாமில் அதுதான் வழக்கம். ஆசிரியர்கள் திருத்திய கட்டுகளை அவள் சரிபார்ப்பாள். யார் கட்டில் பிழையோ, அவர் அவளருகே உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும்.

மேசையின் மறுகோடியில் இவன்.

வேதியியலில் இன்றுவரை கால் மதிப்பெண் பிசகியதில்லை. கோபி டவுனுக்குக் கிழக்கே இவனைப்போல் திருத்த ஆள் கிடையாது. மேற்கேயும் கிடையாது.

அதனால் அவள் இவனைக் கூப்பிட்டதே இல்லை.

அங்கே இரண்டு தலைகள் ஒரே தாளின் மேல் குனிந்திருந்தன. சிவமலை ஏதோ முணுமுணுத்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இவன் வயிறு எரிந்த எரிச்சலில் மாவட்டத்தின் அத்தனை ஆய்வக அடுப்புகளையும் பற்றவைத்திருக்கலாம்.

மதிப்பெண்ணைக் கூட்டத் தெரியாதவனுக்கு வந்த யோகம்.

இன்று கடைசி நாள். சாயங்காலம் அவள் அந்தியூர் பஸ் ஏறிவிடுவாள், இவன் தாராபுரம் பஸ். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இவனுக்கும்தான். சிவமலைக்கும்தான்.

அடுத்த தாளைப் புரட்டினான்.

ஒரு சேர்மத்தில் கார்பன் 40 சதவீதம், ஹைட்ரஜன் 6.67, மீதி ஆக்ஸிஜன். ஆவி அடர்த்தி 30. மூலக்கூறு எடை என்ன?

எழுதிய பிள்ளை ஒவ்வொரு சதவீதத்தையும் அணு எடையால் வகுத்திருந்தது. ஒன்றுக்கு இரண்டுக்கு ஒன்று. எளிய வாய்பாட்டின் எடை முப்பது. அதையே விடையாக எழுதி, இரண்டு கோடும் போட்டுப் பேனாவை மூடிவிட்டது.

ஆவி அடர்த்தியை இரண்டால் பெருக்கினால் அறுபது. அந்த ஒரு வரியைக் காணோம்.

பாதி மதிப்பெண். தூக்கத்தில் எழுப்பினாலும் இவன் கை அதைத்தான் போடும்.

மறுகோடியில் மறுபடி சிரிப்பு.

இவன் முப்பதுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு சரி போட்டான். முழு மதிப்பெண்.

சுவரிலிருந்த தனிம அட்டவணை கழன்று விழும் என்று எதிர்பார்த்தான்.

விழவில்லை.

திருத்திய கட்டு அவளிடம் போனது. இவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

அவள் கட்டின் மேலே இருந்த இவன் பெயரைப் பார்த்தாள். பிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

“இந்த சார் கட்டுல என்னத்தப் பாக்கறது,” என்றாள் சிவமலையிடம். “நீங்களும்தான் திருத்தறீங்களே.”

சிவமலை குழைந்துகொண்டே அந்தத் திட்டை வாங்கிக்கொண்டான்.

திட்டு. இவன் வாங்கியிருக்க வேண்டிய திட்டு.

கட்டைச் சாக்கில் போடப் போனார்கள்.

இவன் எழுந்தான். இரும்பு நாற்காலி தரையில் கிறீச்சிட்டதில் முகாமே திரும்பியது.

“டீச்சர், என்ற கட்டுல ஒரு தப்பு இருக்குதுங்க.”

சிவமலையின் பேனா கீழே விழுந்தது.

அவள் கட்டைத் திரும்ப வாங்கி நூலை அவிழ்த்தாள். இவனை இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“எந்தத் தாளுங்க சார்?”

மேலிருந்து நான்காவது. வலது பக்கம். மேல் ஓரத்தில் மைக்கறை இருக்கும்.

நாற்காலியை அவளுக்கும் சிவமலைக்கும் நடுவே போட்டு உட்கார்ந்தான்.

“ஞாபகமில்லைங்க டீச்சர்,” என்றான். “அடியிலிருந்து ஒவ்வொண்ணா பாத்துட்டு வரலாங்க.”