ஒட்டுச் சிரிப்பு

ஹீரோயின் ஓங்கி விட்ட அறை ஹீரோவின் கன்னத்தில் பளாரென்று விழுந்தது. அதையே மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்த்த கத்திரி, "தங்கம்யா இது!" என்று தொடையைத் தட்டினார்.

ட்ரெய்லர் வெட்டி வெட்டியே வந்த பட்டப்பேர் அது. காதல் காமெடி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவார். பார்க்கிறவர்களுக்கு மூளை இருக்குமோ என்ற சந்தேகம் அந்த மகானுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

பக்கத்து நாற்காலியில் ஹீரோவின் அண்ணன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். "இது எடுபடலைன்னா என் தம்பி வாழ்க்கையே போச்சு சார். வீட்ல அம்மா அழுதுக்கிட்டே இருக்காங்க."

"அட, நீங்க வேற! பொண்ணுங்களுக்கு என்ன வேணும்? இவன் பின்னாலயே சுத்தணும், திட்டு வாங்கணும், அறை வாங்கணும். கடைசியில அவ ஒரு தடவை சிரிக்கணும். அவ்வளவுதான், உருகி ஊத்திடுவாளுங்க."

அறை விழுகிற இடத்தில் 'டொய்ங்' என்று ஒரு சத்தத்தைச் சேர்த்தார். பஸ் ஸ்டாப், மாடிப்படி, ஆபீஸ் வாசல் என்று ஹீரோ அவள் பின்னாலேயே போகிற ஷாட்டுகளுக்கெல்லாம் துள்ளலாக ஒரு விசில் இசை. இதற்குப் பேர் கலையாம், தலையெழுத்து!

"ஆனா ஒண்ணு. எல்லாத்தையும் தூரத்துலேர்ந்தே எடுத்திருக்கீங்க. ஒரு ஷாட்டுக்குக்கூட ரெண்டாவது டேக் இல்ல. ஏன்?"

"தம்பியோட ஃப்ரெண்டு போன்ல எடுத்தது சார். திரும்ப எடுக்க முடியல."

"இப்ப அதுவும் ஒரு ஃபேஷன். இயற்கையா இருக்காம், மண்ணாங்கட்டி!" கத்திரி மூக்கைச் சுளித்தார். "அந்தப் பொண்ணு என்னய்யா, எந்நேரமும் உர்ருனே இருக்கு? சுட்டுப் போட்டாலும் நடிப்பு வராது போல."

அண்ணன் அடுத்த நகத்துக்குப் போனான்.

தேடித் துழாவியதில் ஒரே ஒரு சிரிப்பு அகப்பட்டது. ஆபீஸ் வாசலில் யாருடனோ போனில் பேசிக்கொண்டு அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். கத்திரி போன் தெரியாதபடி அவள் முகத்தை மட்டும் பெரிதாக்கினார். ஹீரோ பூவை நீட்டுகிற ஷாட்டுக்குப் பின்னால் அந்தச் சிரிப்பை ஒட்டினார். அவனைப் பார்த்தே அவள் சிரித்த மாதிரி ஆகிவிட்டது.

"அவ என்னமோ பேசறாளே சார்? அது கேக்காதே?"

"அவ பேச்சு யாருக்கு வேணும்? மொத்தத்தையும் தூக்கிட்டு மேல பாட்டைப் போட்டாச்சு."

முழுசாக ஓடவிட்டார். பார்த்து முடித்த அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு பேரும் உயிருக்குயிரா காதலிக்கிற மாதிரியே இருக்கு சார்! நீங்க தெய்வம் சார்!"

"நாம எதைக் காட்டுறோமோ அதை நம்புவானுங்க. அவனுங்க புத்தி அவ்வளவுதான்." தெய்வம் காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. "சரி, யாரை மனசுல வச்சு எடுத்தது இது? காலேஜ் பொண்ணுங்களா, குடும்பமா? சொன்னீங்கன்னா, அதுக்கேத்தாப்ல முடிவுல ஒரு பன்ச் வச்சுடலாம்."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஒரே ஒருத்தர்தான் சார். தம்பி மேல அவ போட்ட கேஸை விசாரிக்கிற ஜட்ஜ்."